கேள்விக்காரனுக்கு ஆர்லிஸ் வைத்த விலை

ஆர்லிஸ் பிராட்வோல்ட் பகடையில் பொய் சொன்னதே இல்லை. எங்கள் ஊரில் அவளைப் பற்றிக் குறை சொல்ல ஆள் உண்டு. சிரிக்கத் தெரியாதவள் என்பார்கள், கட்டிக்கொள்ள எவனும் பொருந்தவில்லை என்பார்கள். ஆனால் விழுந்த எண்ணை விழுந்தபடி சொல்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஸ்கோக்டால் பால் சங்கத்தில் கொழுப்புப் பரிசோதனை செய்வது அவள் வேலை. என் லாரியில் வரும் ஒவ்வொரு பண்ணையின் பாலிலிருந்தும் ஒரு குப்பி எடுப்பாள். அமிலம் ஊற்றி, சுழலியில் வைத்துச் சுற்றி, கண்ணாடிக் கழுத்தில் ஏறி நிற்கும் மஞ்சள் கொழுப்பைக் கவராயம் வைத்து அளப்பாள். அரைக் கோடு கூட்டிப் போடச் சொல்லி அவளுடைய சொந்தச் சித்தப்பாவே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "பசுகிட்ட போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த விளையாட்டு எப்படிப் பிடித்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. எழுபத்தேழாம் வருஷக் குளிரில் தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே ஒரு விதிப் புத்தகமும், நாலு முகம் எட்டு முகம் இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. ஒருவர் நடுவராக உட்கார்ந்து ஒரு பழங்காலத்து ஊரையும் காட்டையும் பாழ்மண்டபத்தையும் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு தொழிலை எடுத்துக்கொண்டு அதற்குள் நடமாட வேண்டும். வாள்காரன், பூசாரி, மந்திரவாதி இப்படி. பிழைப்பதும் சாவதும் பகடை.

புத்தகத்தைப் படித்து முடித்த அன்றே சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டாள். "இவன் எழுதினது ராஜாக்களுக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்ல" என்றாள் என்னிடம். புத்தகத்தில் தொழில்காரர்கள் படிப்படியாக ஏறி, இருபதாம் படியில் மலையைத் தூக்குவார்கள். ஆர்லிஸின் மேசையில் மூன்றாம் படிதான் உச்சம். அதற்கு மேல் ஏறியவன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், அவன் கதை முடிந்தது. எல்லாத் தொழிலையும் கலைத்து மறுபடி எழுதினாள். பூசாரி அன்றைக்கு யாருக்காவது சோறு போட்டிருந்தால்தான் பிரார்த்தனை பலிக்கும். சுமைக்காரன் என்று புதிதாக ஒரு தொழில், எல்லோருடைய மூட்டையையும் தூக்குபவன், கடைசியாகச் சாகிறவன். அது என்னுடையது. மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொன்ன பிறகு பொழுது சாயும்வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது, ஆடுகிறவனும் திறக்கக் கூடாது. அந்தத் தொழிலை முடிதிருத்தும் டாரெல் கூலஸ் எடுத்துக்கொண்டான். "ஸ்கோக்டால்ல எழுதின சட்டத்துலயே இதுதான் உருப்படியான சட்டம்" என்று அவன் மனைவி பால் சங்கத்துக்கே வந்து ஆர்லிஸுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

எங்களில் நாலாவது ஆள் லைல் ஓம்டால். கிணறும் பம்பும் பார்க்கிறவர். ஐம்பத்தெட்டு வயது, எங்களைவிடப் பதினைந்து பதினாறு மூத்தவர். பெரிய கைகள், மெல்லிய குரல். ஞாயிறு மதியம் தேவாலயம் முடிந்து, சாப்பிட்டு, இரும்புக்கடையின் பின்னறையில் கூடுவோம். கடைக்கு மேல்மாடியில்தான் ஆர்லிஸ் குடியிருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு கணகணக்க, காபி ஓடிக்கொண்டே இருக்க, நாலரை மணிக்கு ஜன்னல் இருட்டும்வரை ஆடுவோம்.

எண்பத்தொன்று நவம்பரில் லைலின் வாள்காரன் செத்தான். பாழ் ஆலையில் ஒரு எலி கடித்து.

"எலியா? மூணு வருஷமா வாளைத் தீட்டித் தீட்டிக் கடைசியில எலிகிட்டயா?" டாரெல் மேசையைத் தட்டிச் சிரித்தான். "வீரமரணம் லைல்! கல்லுல செதுக்கி வெக்கறேன்."

"மிச்சமிருந்த நாலு உயிர்ப்புள்ளிக்கு எலி போதும்டா" என்றார் லைல். பிறகு ஆர்லிஸைப் பார்த்து, "இனி வெட்டு குத்து வேணாம். வேற ஏதாவது இருந்தா குடு" என்றார்.

அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அது வெகு நாளாக அங்கே இருந்திருக்க வேண்டும், ஓரமெல்லாம் மங்கியிருந்தது. ஏழாவது தொழில், கேள்விக்காரன். ஆயுதம் கிடையாது, கவசம் கிடையாது. ஒரு நாள் ஆட்டத்தில் செத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். செத்தவர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு விலை, ஆடுகிறவர் தன் சொந்த ஞாபகம் ஒன்றைச் சீட்டில் எழுதி, மடித்து, காபி டப்பாவுக்குள் போட வேண்டும். கதையில் வருகிறவனின் ஞாபகம் செல்லாது, ஆடுகிறவருடையதுதான் செல்லும். நடுவர் அதைப் படிக்க மாட்டார்.

"இதென்ன பாவமன்னிப்புக் கூண்டா?" என்றான் டாரெல். "பேசாம ரெண்டு தங்கக்காசு வாங்கிக்கயேன்."

"காசுன்னா யோசிக்காம குடுப்பீங்க. அப்புறம் வழியில கெடக்கற எல்லாப் பொணத்தையும் எழுப்பி வழி கேப்பீங்க. குடுக்கறப்போ கொஞ்சமாவது கை இழுக்கணும். அப்பதான் நெஜமா வேணுங்கறதைக் கேப்பீங்க."

நியாயமான விதிதான். எனக்கும் அப்படித்தான் பட்டது. லைல் ஒரு சீட்டில் ஏதோ எழுதிப் போட்டார்.

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஆலைக் குளத்தில் மூழ்கிய பெண்ணிடம் யார் தள்ளியது என்று கேட்டார், கிழட்டுக் காவலாளியிடம் சாவி எங்கே என்று கேட்டார். ஆர்லிஸ் தன் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். குரலை மாற்ற மாட்டாள், பால் அளவு சொல்கிற அதே குரல்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, கதையில் நாங்கள் ஒரு தூர்ந்த கிணற்றை அடைந்தோம். அடியில் ஒரு எலும்புக்கூடு, கிணறு வெட்டியவனுடையது. லைல் சீட்டு எழுதிப் போட்டார். "எப்படிச் செத்தே?" என்று கேட்டார்.

ஆர்லிஸ் நோட்டைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு அறுந்துதுன்னு சொன்னாங்க. அறுந்து போகல. மேல பிடிச்சிருந்தவன் விட்டுட்டான். கையில தேனீ கொட்டிச்சு, விட்டுட்டான்."

லைலின் முகத்தில் ரத்தமே இல்லை. காபிக் கோப்பையை வைக்கப் போனவர் மேசைக்கு வெளியே வைத்தார். அது விழுந்து உடைந்த பிறகுதான் ஆர்லிஸ் அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். அன்று ஆட்டம் அதோடு நின்றது.

வெளியே வந்து என் லாரியில் ஏறி உட்கார்ந்தார் லைல். நான் இஞ்சினைப் போட்டேன். கண்ணாடியில் உறைந்த பனி இளகத் தொடங்கியதும் சொன்னார்.

"ரோலி, எங்க அண்ணன் ஓர்வினை உனக்குத் தெரியாது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். முப்பத்தேழுல, எங்க பண்ணைக் கெணத்துல. எனக்குப் பதினாலு வயசு. கயிறு அறுந்துடுச்சுன்னு அப்பாகிட்ட சொன்னேன். பாதிரியார்கிட்டயும் அதான் சொன்னேன். கட்டின பொண்டாட்டி பெர்னடினுக்கும் அதான் தெரியும்."

தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"தேனீ விஷயம் யாருக்குமே தெரியாது ரோலி. யாருக்குமே."

மறுநாள் பால் கேன்களை இறக்கும்போது ஆர்லிஸிடம் கேட்டேன். பதிலுக்கு அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். கிணறு வெட்டியவன் பெயருக்கு நேரே அவளுடைய தெளிவான எழுத்தில், கயிறு அறுந்து செத்தான் என்று இருந்தது.

"இதைத்தான் சொல்ல வந்தேன். வாய்ல வேற வந்துது. தேனீன்னு ஏன் சொன்னேன்னே தெரியல." நோட்டை மூடினாள். "நான் எழுதினதை மாத்தி என்னிக்காவது சொல்லியிருக்கேனா ரோலி?"

"இல்ல."

"இல்லதானே" என்றாள்.

கேள்விக்காரன் தாளை அன்றே கிழித்துப் போட்டிருக்கலாம். நான் சொல்லவில்லை, அவளும் செய்யவில்லை. விதி என்று ஒன்று நடப்பில் இருக்கும்போது, ஆட்டக்காரன் ஒருவன் அதை நம்பி ஆடும்போது, நடுவர் பாதியில் பிடுங்குவது அவளுக்கு ஒப்பாது. லைலும் விடுகிறவராக இல்லை. அடுத்த ஞாயிறு காட்டுவழி, புதையல் எதையும் சட்டை செய்யாமல் நேரே அந்தக் கிணற்றடிக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும்.

"நீ விழுந்தப்போ நெனைவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இன்னொரு வாரம், "எவ்வளவு நேரம்?"

"நீ வீட்டுக்கு ஓடிப் போய்த் திரும்பி வர்ற வரைக்கும்."

இப்படி வாரத்துக்கு ஒரு கேள்வி. மற்ற நேரமெல்லாம் எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றைச் சுற்றிச் சும்மா நின்றார்கள். டாரெல் மந்திரம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, இருந்தும் வாயைத் திறப்பதில்லை. பதில் சொல்லும்போதெல்லாம் ஆர்லிஸின் கண் அடுப்பின் மேலேயே இருக்கும். சொல்லி முடித்ததும், யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பி எங்களைப் பார்ப்பாள். "என்ன சொன்னேன்?" என்று ஒருமுறை என்னிடம் மெல்லக் கேட்டாள்.

ஜனவரியில் லைல் மறக்கத் தொடங்கினார்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இருபது வருஷமாகப் பம்பு பார்க்கும் பண்ணைக்கு வழி கேட்டு முடிதிருத்தும் கடைக்கு வந்தார். "எலி கடிச்சதுல மூளைக்கு ஏறிடுச்சு" என்றான் டாரெல். பிறகு ஒருநாள் என்னோடு லாரியில் வரும்போது, எட்டு வருஷம் அவர் காலடியில் கிடந்த நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பெயர் வராமல் நின்றார். வார்த்தை தட்டுப்படாமல் தேடுகிறவர் முகம் வேறு. அவர் எதையும் தேடவில்லை. அந்த இடத்தில் தேட ஒன்றுமே இல்லாததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பிப்ரவரியில் ஒரு காலை, பெர்னடின் ஓம்டால் பால் சங்கத்துக்கு வந்தாள். கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தேன். நேரே பரிசோதனை மேசைக்குப் போனாள்.

"அந்த ரூம்ல அவரை என்ன பண்றீங்க?"

ஆர்லிஸ் சுழலியை நிறுத்தினாள். "என்ன ஆச்சு பெர்னடின்?"

"நேத்து எங்க கல்யாண ஃபோட்டோவைத் துடைச்சிட்டிருந்தேன். அவரு வந்து, 'அந்தப் பொண்ணு யாரு, லட்சணமா இருக்காளே'ன்னு கேட்டாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல." அவள் மேசைமேல் கையூன்றினாள். "முப்பத்தோரு வருஷம் ஆர்லிஸ். ஞாயித்துக்கிழமை உங்க ரூமுக்குப் போய்ட்டு வர்றப்பல்லாம் ஏதாவது ஒண்ணு கொறைஞ்சு வர்றாரு. நான் எண்ணிட்டு வர்றேன்."

ஆர்லிஸ் கையுறையைக் கழற்றினாள். இரும்புக்கடை மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். நடுவர் படிக்கக் கூடாது என்பது அவள் விதி, அதனால் என்னிடம் நீட்டினாள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். லைலின் பெரிய, சாய்ந்த எழுத்து.

நாயின் பெயர் டிக்ஸி. நார்மன் பண்ணைக்குப் போகும் குறுக்குவழி. அம்மா ரொட்டி சுடும் நாளில் வீட்டு வாசனை. கல்யாணத்தன்று தேவாலய வாசலில் நின்ற பெர்னடின், கையில் லைலாக் பூ.

பெர்னடின் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எண்ணிவைத்திருந்தவை எல்லாம் அந்த டப்பாவில் இருந்தன. ஒன்று கூட விட்டுப்போகவில்லை. கூடவே அதிகமாகவும் இருந்தன. அவர் கேள்விக்காரனாக ஆடியது பன்னிரண்டு ஞாயிறு. சீட்டுகள் இருபது.

அன்று மாலை நான் லைலிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஒரு சீட்டோடு இன்னொன்றைச் சேர்த்து மடித்துப் போட்டுவிட்டு, வீட்டில் பம்புக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பாராம்.

"யார்கிட்ட?"

"ஓர்வின்கிட்டதான்."

"பதில் வருதா லைல்?"

"வருதே" என்றார், கேட்கிற என்னை விசித்திரமாகப் பார்த்து. "வெல கொடுத்தாச்சுல்ல."

லாக்ராஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். மூளைக்கு ரத்தம் போகும் குழாய்களில் கோளாறு, ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும் என்றார் மருத்துவர். தன்னை அறியாமலே எதை இழக்கிறோம் என்று உணர்ந்து அதையே எழுதியிருக்கலாம் என்றும் சொன்னார். பெர்னடின் அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது, பகலில். ஆர்லிஸ் மருத்துவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் சொல்றது இருக்கட்டும். தாள்ல கையெழுத்து என்னோடது" என்றாள்.

ஏழாவது தொழிலைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள். கீழே ஒரு வரி சேர்த்தாள். கொடுத்ததை இன்னொருவர் உரக்கப் படித்துக் காட்டினால் அது திரும்பச் சேரும். அந்த வரியை நம்பித்தான் அந்த வசந்தம் முழுவதும் ஞாயிறுதோறும் ஓம்டால் வீட்டுச் சமையலறைக்குப் போனாள். பெர்னடின் ஒவ்வொரு சீட்டாகப் படிப்பாள். நாயின் பெயர் மட்டும் திரும்பியது. மறுநாள் காலை லைல் வாசலில் நின்று "டிக்ஸி, டிக்ஸி" என்று கூப்பிட்டாராம், அது செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மற்றதெல்லாம் அவருக்கு யாரோ ஒருவருடைய கதை. "நல்லா இருக்கே. அந்தாளு குடுத்துவெச்சவன்" என்பார்.

ஆனால் கிணறு மட்டும் போகவில்லை. அதை அவர் சீட்டில் எழுதவே இல்லையே. சுற்றியிருந்த எல்லாம் உதிர்ந்த பிறகு அது ஒன்றுதான் நின்றது. வெயில் காலத்தில் அவருக்கு ஐம்பத்தொன்பது வயதா, பதினாலா என்றே தெரியாது. உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். "ஓர்வின் கோவமா இருக்கானா?" சாப்பிடும்போது கேட்பார், பால் ஊற்றும்போது கேட்பார், நாள் முழுக்கக் கேட்பார்.

ஆகஸ்டில் ஒரு மதியம் நாங்கள் மூவரும் அவர் கட்டிலருகே இருந்தோம். பெர்னடின் ஆர்லிஸின் கையைப் பிடித்தாள்.

"கோவம் இல்லன்னு சொல்லிடேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீ சொன்னா நம்புவாரு. ஒரே ஒரு பொய்."

"செத்தவங்க பொய் சொல்லக் கூடாது பெர்னடின். நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும். அவருக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

ஆர்லிஸ் கைப்பையைத் திறந்தாள். பில் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, ஜன்னல் திண்டில் வைத்து எழுதினாள். சின்ன வாக்கியம் இல்லை, நாலைந்து வரி. மடித்தாள். டப்பாவை எடுத்துவரச் சொன்னாள், போட்டாள். நான் தடுக்கவில்லை. எதைத் தடுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கட்டிலருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கேளு லைல்."

"கோவமா இருக்கியா?"

வெளியே சோளக்கொல்லையில் காற்றே இல்லை. அவள் கண் சுவரில் எங்கோ நின்றது.

"மொதல்ல இருந்துச்சு. ரொம்ப நேரம் இருந்துச்சு. அப்புறம் நீ மேல நின்னு அழுதது கேட்டுது. கையை ஒதறி ஒதறி அழுதே. அப்பவே போயிடுச்சுடா. அதுக்கப்புறம் உன்னைப் போகச் சொல்லிக் கத்திட்டேதான் இருந்தேன். உனக்குக் கேக்கல."

லைல் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தார். பெர்னடின் யார் என்று தெரியாமலே அவள் கையைப் பிடித்தபடி, சாதுவாக, நன்றாகச் சாப்பிட்டு, எண்பத்துநாலு மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். டப்பாவைச் சவப்பெட்டியில் அவர் காலடியில் வைத்துவிட்டாள் பெர்னடின். யாரும் அதைத் திறக்கவில்லை.

ஆர்லிஸ் வேலைக்கு வந்தாள், கொழுப்பை அளந்தாள், ஒரு கோடு பிசகவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் மறுபடி ஆட்டமும் தொடங்கினாள், ஆறு தொழில்களோடு. நான் தினமும் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு என்ன எழுதினே?"

"அதானே தெரியல" என்றாள். "எழுதினது ஞாபகம் இருக்கு. பேனா திக்கினது கூட ஞாபகம் இருக்கு. என்னன்னுதான் இல்ல. பெருசா ஒண்ணும் இருக்காது. பசிக்குது, தூங்கறேன்."

இரண்டு வருஷம் கழித்து, ஒரு அக்டோபர் மதியம், அவள் கார் பழுதாகிக் கிடந்ததால் என் லாரியில் ஏறிக்கொண்டாள். மேற்குச் சாலையில், மேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே பூட்டிக் கிடக்கும் வெள்ளை வீட்டைக் கடக்கும்போது, "ரோலி, கொஞ்சம் நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வீட்டையே பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் இப்படித்தான். காலு தானா பிரேக்கை மிதிக்குது. உள்ள யாரோ அடுப்பங்கரையில நின்னு என் பேரைச் சொல்லப் போற மாதிரி இருக்கு. யாரு வீடு இது? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் பிறந்த வீடு அது. முப்பது வயதுவரை அதில்தான் இருந்தாள். அவள் அம்மா அந்த அடுப்பங்கரையில்தான் செத்தாள், இவள் மடியில்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவின் பெயரைக் கூட.

ஆர்லிஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். லாரி இஞ்சின் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்றாள். "பாவம், அந்தம்மா." பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டாள், நான் வண்டியை எடுத்தேன்.